டீச்சரைக் கேளுங்க: தொண்ணூற்று ஒன்றை 901 என்று எழுதும் பையன்

ஏப்ரல் கடைசியில் மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடும். இந்த முறையும் அப்படித்தான், அதில் முக்கால்வாசி ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. அணைக்கட்டு பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 31 வருடம் இந்தச் சின்ன வகுப்புகளிலேயே இருந்தவள் என்பதால், இந்த இதழை முழுக்க அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

டீச்சர், என் மகள் இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அட்டையில் எல்லாப் பாடத்திலும் 'ஏ' கிரேடு. தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று வாசிக்கிறாள். ஆனால் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைப் பலகையைக் காட்டி வாசி என்றேன், ஒரு எழுத்துகூட வரவில்லை. பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், காட்பாடி

அம்மா, நீங்கள் பயப்பட்டது நல்லதுதான், ஏனென்றால் அட்டை சொல்லாததை அந்தக் கடைப் பலகை சொல்லிவிட்டது. உங்கள் மகள் பாடத்தை ஒப்பிக்கிறாள், இன்னும் வாசிக்க ஆரம்பிக்கவில்லை. அவள் ஏமாற்றுகிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்து சத்தமாகச் சொல்லும்போது காது நல்ல காதாக இருந்தால் பத்து நாளில் பாடம் முழுக்க மனதில் ஏறிவிடும், அதற்கப்புறம் எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே குழந்தைக்கு இருக்காது.

என் வகுப்பில் இப்படி ஒரு பெண் இருந்தாள். மழை பற்றிய ஒரு பாடம், விரலை வைத்து வாசி என்றேன். வாய் 'குடை' என்று சொல்லும்போது விரல் மூன்று சொல் தள்ளி 'தவளை' மேல் இருந்தது. பக்கம் முடிந்தது, திருப்ப மறந்துவிட்டாள், வாய் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தப்பு இல்லாமல் சொன்னாள். இரண்டு வருடமாக அவளை நன்றாக வாசிக்கிற பெண் என்றுதான் எல்லோரும், நானும் சேர்த்து, சொல்லிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவள் புத்தகத்தில் இருந்தே ஐந்து வரியை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள், ஆனால் வரிசையை மாற்றி எழுதுங்கள், படம் எதுவும் வேண்டாம். வாசிக்கச் சொல்லிவிட்டு எங்கே நிற்கிறாள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகள் நிற்கிற இடம் கொம்பு. யோசித்துப் பாருங்கள், கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கண் முதலில் பார்ப்பதை வாய் இரண்டாவதாகச் சொல்ல வேண்டும். கொ, கோ என்று வந்தால் குறி இரண்டு பக்கமும் நின்று எழுத்தை நடுவில் வைத்துக்கொள்கிறது. 'கௌ'வின் பின்னால் நிற்பது அப்படியே 'ள' மாதிரி இருக்கும். ஆறு, ஏழு வயதுக் கண்ணுக்கு இது லேசான வேலை இல்லை, நமக்குப் பழகிவிட்டதால் மறந்துவிட்டோம்.

இதற்குத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டாம். மளிகைச் சீட்டை அவள் கையில் கொடுத்துக் கடைக்குக் கூட்டிப் போங்கள். பெருங்காயம், தேங்காய், வெல்லம், மைதா, கொத்தமல்லி, சோம்பு, கோதுமை. 'கௌ' ஒன்றைத் தவிர கொம்பு வகை அத்தனையும் அதில் வந்துவிடுகிறது! அவள் வாசித்தால்தான் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள் (முன்கூட்டியே கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், யாரும் மறுக்கமாட்டார்கள்). சொல்லை முடிக்கிறவரை குறுக்கே திருத்தாதீர்கள். 'பெருங்காயம்' என்பதைப் 'பேருங்காயம்' என்று இழுத்து, தானே சிரித்து, தானே மாற்றிக்கொள்வாள். அப்படி ஒரு தடவை தானாகத் திருத்திக்கொண்டாள் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

என் பையன் இரண்டாம் வகுப்பு. கணக்கில் 89 வரை சரியாக எழுதுகிறான். தொண்ணூற்று ஒன்று என்று சொன்னால் 901 என்கிறான், நூற்றி இரண்டு என்றால் 1002. ஒன்று முதல் நூறு வரை தினம் எழுத வைக்கிறேன், அடித்தும் பார்த்துவிட்டேன். தறி வேலைக்கு நடுவில் எனக்குத் தெரிந்தது இதுதான்.
– ஒரு தந்தை, குடியாத்தம்

தம்பி, அடிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது சொல்வேன்.

உங்கள் பையன் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறான். தொண்ணூறு, அது 90. ஒன்று, அது 1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான், 901 ஆகிவிட்டது. நூறும் இரண்டும் 1002 ஆனதும் அதே மாதிரிதான். அவன் யோசிக்கிறான், ஒரு விதி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறான், அந்த விதியில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம் நம் எண்களின் பெயரிலும் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை எல்லாம் 'பது' என்று முடிந்துகொண்டே வரும். அடுத்தது தொண்ணூறு, திடீரென்று அதற்குள் 'நூறு' கேட்கிறது. ஒன்பது என்பதிலேயே 'பது' வந்துவிட்டது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. இந்த மூன்று இடத்திலும் பெயர் ஒரு படி மேலே ஏறி நிற்கும். தமிழில் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் தொண்ணூறுகளில் வந்து தடுமாறுவதை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன், இங்கிலீஷில் எண் சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் இந்தச் சிக்கல் வருவதில்லை.

நீங்கள் இருப்பது குடியாத்தம், தீப்பெட்டிக்குக் குறைவில்லாத ஊர். பழைய குச்சிகள், மருந்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, நூறு சேருங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டியது அவன் வேலை. இப்போது தொண்ணூற்று ஒன்று எடு என்றால் ஒன்பது கட்டும் ஒரு தனிக் குச்சியும் எடுப்பான். அதைப் பார்த்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள், கட்டு எத்தனை, தனி எத்தனை. அப்புறம் காலண்டர் அட்டையை வெட்டி ஒரு அகலமான துண்டில் 90 எழுதுங்கள், அதில் பாதி அகலத்தில் இன்னொரு துண்டில் 1 எழுதுங்கள். சின்னத் துண்டைப் பெரிய துண்டின் பூஜ்யத்தின் மேல் வைத்தால் 91. தூக்கினால் பூஜ்யம் அடியிலேயே இருக்கும். இதை நான் வகுப்பில் செய்து காட்டும்போது பிள்ளைகள் அந்தத் துண்டைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், பூஜ்யம் இன்னும் இருக்கிறதா என்று. அதேபோல 100-ம் 2-ம். அதுதான் விட்டுப்போன படி.

வாரக் கூலி வரும் நாளில் பத்து ரூபாயையும் ஒரு ரூபாய்க் காசையும் கொஞ்சம் அவன் முன்னால் வைத்து 'எனக்கு 91 ரூபாய் எடுத்துக் கொடு' என்று கேளுங்கள். ஒன்று முதல் நூறு வரை எழுதுவதை நிறுத்திவிடலாம், அதில் அவன் கை மட்டும்தான் வேலை செய்கிறது.

எங்கள் காலத்தில் தேறாதவனை அதே வகுப்பில் போடுவார்கள். என் பேரன் ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டான், எழுத்துகள் பாதிதான் தெரியும். இவனையும் இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். இன்னொரு வருடம் ஒன்றிலேயே வைக்கச் சொல்லி ஹெச்.எம்-மைக் கேட்கலாமா?
– ஒரு தாத்தா, பள்ளிகொண்டா

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கேட்டாலும் நடக்காது, நடக்கவும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-ல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்தந்த மாநிலத்திடம் விட்டார்கள். நம் மாநிலம் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதை ரத்தும் செய்துவிட்டது. எப்படியும் ஒன்றாம் வகுப்புக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தாலே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். உங்கள் பேரனுக்கு இப்போதுதான் ஆறு வயது நடக்கும். அந்த வயதில் ஆறு மாத வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம், ஜனவரியில் ஒரு எழுத்தும் தெரியாத பிள்ளை ஆகஸ்டில் கதை வாசிப்பதை நானே பார்த்திருக்கிறேன். நிறுத்தி வைத்தால் அதே பாடத்தை அதே விதமாக இன்னொரு தடவை கேட்பான், கூட்டாளிகள் மேலே போய்விடுவார்கள், தம்பி வயசுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். எழுத்து அதனால் வந்துவிடாது.

இரண்டாம் வகுப்புக்குப் போனாலும் அவன் நிற்கிற இடத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முக்கியம். அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அதற்காகத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழுத்து தெரியாமல் இருந்தால் அரும்பில் இருந்து தொடங்கலாம், யாரும் குறையாக நினைக்கக் கூடாது. அதற்கு முன்னால் செயல்வழிக் கற்றல் இருந்தது, பிள்ளை உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கீழேயே கரும்பலகை, அட்டைகள், பாடத்தைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி என்று. அதற்கான யோசனை நம் வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமை வேலையில் இருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில்தான் முளைத்தது. அன்று இங்கே கலெக்டராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னால் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அதைக் கொண்டு போனார், அங்கிருந்து மாநிலம் முழுக்கப் போனது. பீடி சுற்றிக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது, அந்தப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரிதான் பாடத்தை மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு அது இன்றும் சரியாகப் படுகிறது.

அதனால் ஹெச்.எம்-மிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. "என் பேரன் எந்த நிலையில் இருக்கிறான், எந்தெந்த எழுத்து தெரியவில்லை, ஜூனில் அவனுக்கு எங்கே இருந்து தொடங்குவீர்கள்?" பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லீவில் தினம் ஒரு எழுத்து போதும். ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோட்டில் எழுத வருகிறதில் தொடங்கினால் மூன்றே நாளில் படம், மடம், பட்டம் என்று சொல்லே எழுதிவிடலாம், அ-வின் சுழியோடு முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் உருது பேசுவோம். மகள் தமிழ் மீடியம், ஒன்றாம் வகுப்பு. 'வகுப்பில் பேசுவதே இல்லை' என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள். இனிமேல் வீட்டிலும் தமிழிலேயே பேச வேண்டுமா?
– ஒரு தாய், பேரணாம்பட்டு

வேண்டாம் அம்மா, உருதுவிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். ஒரு மொழியில் கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழியிலும் கதை பிடிபடும். பேசவில்லை என்றால் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம், சில பிள்ளைகளுக்கு அந்தக் கேட்கும் காலம் ஒரு வருடம்கூட நீளும்.

ஒரு விஷயம் மட்டும் டீச்சர் காதில் போட்டுவையுங்கள். உருதுவில் 'ப'வுக்கும் அதன் கனத்த ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் ஒரே எழுத்துதான், பம்பரம் என்ற சொல்லில் முதல் ப ஒரு மாதிரி ஒலிக்கும், இரண்டாவது வேறு மாதிரி. கடல், தங்கம், பகல் மூன்றிலும் 'க' மூன்று விதம். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் காதில் விழாது, உங்கள் மகளுக்கு விழும், அதனால் தயங்குவாள். அவளுக்குக் காது கூர்மையாக இருப்பதால் வருகிற தயக்கம் அது. காலையில் அரபிப் பாடம் படிக்கப் போகிறாள் என்றால் அங்கே வலமிருந்து இடம், இங்கே இடமிருந்து வலம், அதையும் டீச்சர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. லீவில் தமிழ் பேசுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடட்டும். சித்தூர் எல்லை ஓரத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதே வாங்கி, மே மாதம் டியூஷன் அனுப்பலாமா?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

வேண்டாம். வேலூர் வெயில் உங்களுக்கே தெரியும், 2025-ல் சின்ன வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வையே முன்கூட்டி ஏப்ரல் 7-லேயே தொடங்கினார்கள். மேல் வகுப்புப் பாடத்தை இப்போதே முடித்துவிட்டால் ஜூனில் வகுப்பில் உட்காரவே பிடிக்காது.

ஆனால் இரண்டு மாதம் எழுத்தைத் தொடாமலே இருந்தால் கற்றதில் கொஞ்சம் நழுவிப் போகும், அதுவும் உண்மை. அதற்குத் தினம் அரை மணி நேரம் போதும், வெயில் தாழ்ந்த பிறகு, திண்ணையிலோ மொட்டை மாடியிலோ. கொரோனாவுக்கு அப்புறம் நம் மாநிலக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவர் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்திருந்தது, அப்படி மீண்டதில் கிட்டத்தட்ட கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது. தெருவில் இருக்கும் ஒரு அக்கா சாயங்காலம் உட்கார வைத்து விளையாட்டும் பாட்டுமாகச் சொல்லிக் கொடுத்தது அது. உங்கள் தெருவிலும் கல்லூரி போகிற ஒரு பெண் இருப்பாள், கேட்டுப் பாருங்கள். பள்ளியில் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் இருந்தால் (நுழை, நட, ஓடு, பற என்று வகை போட்டிருப்பார்கள்) லீவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'நுழை' புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும், முழுப் புத்தகம் முடித்த சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்கும்.

நான் புதிதாக வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியை. வருடக் கடைசியில் பெற்றோருக்கு வகுப்பைப் பற்றி ஒரு செய்தி எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கிரேடு ஏற்கெனவே அட்டையில் இருக்கிறது. வேறு என்ன எழுதுவது?
– ஒரு ஆசிரியை, ஒடுகத்தூர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது மா. கட்டாயம் எழுதுங்கள். 'நன்று', 'இன்னும் முயற்சி தேவை' என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்துக்கொண்டு ஒரு அம்மா என்ன செய்வார்? பிள்ளைக்கு நான்கு வரி போதும். ஜூனில் எப்படி வந்தான், இப்போது என்ன செய்கிறான், எது இன்னும் வரவில்லை, லீவில் வீட்டில் ஒன்றே ஒன்று என்ன செய்யலாம்.

இப்படி எழுதலாம்: "ஜூனில் பென்சிலை முழுக் கையால் பிடித்தான். இப்போது தன் பெயரும் தங்கை பெயரும் எழுதுகிறான். ல, ள, ழ மூன்றும் குழம்புகிறது. தினம் ஒரு தடவை பல், பள்ளம், பழம் என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள்." இன்னொன்று: "கூட்டல் மனதிலேயே போடுகிறாள். கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் வரவில்லை. கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை அவளே எண்ணி வாங்கட்டும்." பிப்ரவரியில் இருந்தே ஒரு நோட்டில் தினம் இரண்டு பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தால் ஏப்ரலில் திணற வேண்டாம். சத்தமே போடாமல் நடுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அந்த நோட்டு இல்லாவிட்டால் நாம் மறந்தே போவோம், நான் மறந்திருக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கொத்தாகக் கொடுத்து அனுப்பாமல் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு தாளை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்கு அவர் மகள் பள்ளி வாசலிலேயே நின்று வாசித்துக் காட்டினாள். மூன்றாவது வரியில் 'முன்னேற்றம்' என்று நான் எழுதியிருந்தேன், அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டாள். அதற்கடுத்த வருடம் எல்லாத் தாளிலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். நீங்களும் பிள்ளையே வாசிக்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும், வரிக்கு வரி இடம் விடுங்கள்.